பேய் வருவதற்கு ஒரு தப்பு வேண்டுமா?

பிப்ரவரி 27, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

திகில் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வேன் கவிழ்ந்து ஐந்து நண்பர்களில் நான்கு பேர் இறந்துவிடுகிறார்கள், ஒருவன் மட்டும் பிழைக்கிறான். பிறகு இறந்தவர்கள் ஒவ்வொருவராக அவனிடம் வருகிறார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டியவன் அவன்தான், குடித்திருந்தான் என்பது கடைசியில் தெரியவரும். படித்தவர்கள் எல்லோரும் "நல்லா இருக்கு, ஆனா பயமா இல்ல" என்கிறார்கள். உளவியல் திகில் என்றால் குற்ற உணர்வுதானே பேயாக வர வேண்டும்? அதைத்தானே செய்திருக்கிறேன், எங்கே இடிக்கிறது?

பிப்ரவரி 27, இரவு

இடிப்பது கடைசிப் பக்கத்தில்தான். அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று சொன்ன மறுநிமிடமே படிப்பவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. "ஓ, அதனால்தான் வந்தார்களா!" பேய்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அவன் பக்கம் குற்றம் இருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சாவிலிருந்து தப்பி வந்தவர்களில் பெரும்பாலோர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். அவர்களைத்தான் இந்த உணர்வு விடாமல் அரிக்கிறது. அந்த பாட்டிலைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு யாராவது வண்டி ஓட்டட்டும். "எனக்குக் குமட்டுதுடா, ஜன்னலோரம் குடு" என்று இவன் கேட்டு இடம் மாறி உட்கார்ந்தான், அவ்வளவுதான் என்று வையுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், அவனை ஆயுசுக்கும் தூங்கவிடாது.

பிப்ரவரி 28, காலை

இதை நான் எங்கிருந்து சொல்கிறேன் என்று எழுதிவிடுகிறேன்.

என் சித்தி நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். தலையில் அன்னக்கூடை வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றவர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சின்னவனுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் என்பதால் சித்தி கரைக்குப் போகவில்லை. ஓர்ப்படி வந்து, "நீ கெடக்கா, ஒனக்கும் சேத்து நான் எடுத்தாறேன்" என்று சித்தியின் அன்னக்கூடையைத் தன்னுடையதன் மேல் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, ஒன்பது மணியை ஒட்டி, அலை வந்தது. சித்தி அப்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனில், திறக்காத ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அடையாளம் பார்க்கவெல்லாம் நேரமில்லை. குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்கள்.

நம் ஊர்ப் பாத்திரக்கடைகளில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்கள் இல்லையா? சித்தியின் அன்னக்கூடை விளிம்பிலும் அப்படி அவர் பேர் இருந்தது. இடிபாட்டுக்குள் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது, பக்கத்தில் அந்தப் பாத்திரம். முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் உடல் இல்லை. பாத்திரத்தில் இருந்த பேரை யாரோ ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். முகாம் சுவரில் ஒட்டியிருந்த செத்தவர்கள் பட்டியலில் சித்தி தன் பேரைத் தானே படித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், விரலை வைத்துப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"எம் பேர்லதானடா அவளப் பொதச்சிருக்கு" என்றார். அதற்கப்புறம் வெகுநாள் அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

இதில் தப்பு எங்கே இருக்கிறது? காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்குப் போனதா?

பிப்ரவரி 28, பிற்பகல்

முக்கியமான ஒன்றைக் காலையில் விட்டுவிட்டேன். வெளியூரிலிருந்து மனநல ஆலோசனை சொல்ல ஒரு பெண் முகாமுக்கு வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல மனசு. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல உங்க தப்பு எதுவுமே இல்லம்மா" என்றார். சித்தி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப யாரு தப்பு? சொல்லு தாயி. யாரு தப்பும் இல்லன்னா அவ சும்மா செத்துட்டாளா?"

எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது ஓரளவு புரிகிறது. "என்னால்தான்" என்று சொல்லும்போது அந்தச் சாவுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அந்தக் காரணம் தானாகவே இருந்தாலும் பரவாயில்லை, காரணமே இல்லை என்பதைவிட அது தாங்கக்கூடியது. கடலுக்கு யாரையும் தெரியாது, அன்றைக்கு யார் முறை என்றும் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு இந்தப் பிள்ளையை எதை நம்பித் தெருவுக்கு அனுப்புவது? அதனால் சித்தி குற்றத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த ஆலோசகர் ஆறுதல் சொல்வதாக நினைத்து அந்தப் பிடியைப் பிடுங்கப் பார்த்தார்.

திகில் எழுதுகிறவர்கள் தோண்ட வேண்டிய இடம் இது என்று நான் நினைக்கிறேன். பேய் வந்து "உன்னால்தான்" என்று சொல்வதில் பெரிய பயம் இல்லை. நம் ஆள் அதைக் கேட்கத்தானே காத்திருக்கிறான்? பேய் வந்து "உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொன்னால்?

பிப்ரவரி 28, இரவு

"இதற்கு மருத்துவத்தில் பேர் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு, பிழைத்தவரின் குற்ற உணர்வு (survivor guilt) என்பார்கள். நாஜி வதைமுகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்களைப் பார்த்த வில்லியம் நீடர்லாண்ட் என்ற மனநல மருத்துவர் 1960களில் இதைத் தனியாக எடுத்து எழுதினார். ஹிரோஷிமாவில் தப்பியவர்களிடம் இதையே ராபர்ட் ஜே லிஃப்டன் பார்த்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் அறிகுறிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. 1987 திருத்தத்தில் முக்கிய அறிகுறிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏழே வருஷம். அதனால் சித்திக்கு என்ன போயிற்று என்பது வேறு விஷயம்.

மார்ச் 2

பேய் வந்து "உனக்குச் சம்பந்தம் இல்லை" என்று சொல்கிற மாதிரி கதை உண்மையிலேயே இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தையது, ஒன்றிரண்டு பக்கம்தான்.

ஜப்பானின் வடகிழக்குக் கரையை சன்ரிக்கு என்பார்கள். 1896 ஜூன் 15 அன்று அங்கே வந்த சுனாமியில் ஏறக்குறைய 22,000 பேர் இறந்தார்கள். யானகிதா குனியோ அந்தப் பக்கத்து மலைநாட்டுக் கதைகளைக் கேட்டு எழுதி 1910இல் வெளியிட்ட 'டோனோ மொனோகதாரி' தொகுப்பில் 99ஆவதாக இது வருகிறது.

ஃபுகுஜி என்பவர் மலைப்பக்கத்துக்காரர். கடலோரத்து தனோஹாமாவுக்கு வீட்டு மாப்பிள்ளையாகப் போனவர். சுனாமியில் மனைவியும் ஒரு பிள்ளையும் போய்விட்டார்கள். மிஞ்சிய இரண்டு பிள்ளைகளோடு, பழைய வீடு இருந்த இடத்திலேயே குடிசை போட்டு ஒரு வருஷம் போல இருக்கிறார். கோடைத் தொடக்கத்தில் ஒரு நிலாக்கால ராத்திரி, வெளிக்குப் போக எழுந்திருக்கிறார். கழிப்பிடம் தள்ளி இருக்கிறது, அலையடிக்கும் கரையோரமாக நடந்துதான் போக வேண்டும். பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ஒரு ஆணும் பெண்ணும் வருகிறார்கள். பெண், செத்துப்போன மனைவி. பின்னாலேயே வெகுதூரம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கூட இருந்தவன் அதே ஊர்க்காரன், அவனும் அந்தச் சுனாமியில் செத்தவன். இவர் மாப்பிள்ளையாக வருவதற்கு முன்னால் அவனுக்கும் அவளுக்கும் நெருக்கம் இருந்தது என்று இவர் காதில் விழுந்திருக்கிறது. "இப்போது இவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்" என்கிறாள். "பிள்ளைகள் மேல்கூடப் பாசம் இல்லையா?" என்று கேட்கிறார். அவள் முகம் மாறுகிறது, அழுகிறாள். செத்தவர்களோடு பேசுகிறோம் என்றே இவருக்குத் தோன்றவில்லை. துக்கத்தில் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிமிர்வதற்குள் இரண்டு பேரும் வேகமாக நடந்து மலைத் திருப்பத்தில் மறைகிறார்கள். கொஞ்ச தூரம் துரத்துகிறார். அப்புறம்தான் அவர்கள் செத்தவர்களாயிற்றே என்பது உறைக்கிறது. விடியும்வரை ரோட்டிலேயே நின்றிருந்துவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறார். அதன்பின் வெகுநாள் நோயில் கிடந்தார் என்று கதை முடிகிறது.

சாபம் இல்லை, பழி வாங்கல் இல்லை, கத்தல்கூட இல்லை. ஆனால் வெளிக்குப் போக எழுந்தவர் கடைசிவரை போனதாகவே கதையில் இல்லை. நான் திரும்பத் திரும்ப அந்த இடத்தில்தான் நிற்பேன். அவ்வளவு சாதாரண வேலைக்கு எழுந்த ஒரு மனுஷன்.

மார்ச் 2, நள்ளிரவு

"இது பொறாமைக் கதை, குற்ற உணர்வு எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபுகுஜி தன் மனைவியிடம் கேட்ட கேள்வியைப் பாருங்கள். "என்னை ஏன் விட்டுவிட்டாய்?" என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார். ஒரு பிள்ளை இவரை விட்டுப் போயிருக்கிறது, இரண்டு பிள்ளைகள் தாயில்லாமல் குடிசையில் தூங்குகின்றன. அதற்குத் தன்னோடு சேர்ந்து பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. அவளோ அந்தப் பக்கம் போய் வேறு வாழ்க்கையில் இருக்கிறாள். பாரம் முழுக்க உயிரோடு இருப்பவர் தலையில்.

முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது அவருக்கு ஒருவகையில் விடுதலை கிடைத்தது, அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டதே என்று நினைப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடைசி வரியில் நோய் வருகிறது, விடுதலைக்கு ஏன் நோய் வர வேண்டும்? அவள் இவரைக் குற்றம் சாட்டியிருந்தால் ஒருவேளை மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிருப்பார்.

மார்ச் 5

அதே கரை, 2011 மார்ச் 11. பிற்பகல் 2:46க்கு நிலநடுக்கம், பின்னாலேயே அலை. இறந்தவர்கள் 15,900 பேர் அளவில், இன்னும் கிடைக்காதவர்கள் 2,500 பேர் அளவில். இஷினோமாக்கி என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல்.

அங்கே தோஹோக்கு காக்குயின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த ஒரு மாணவி, ஆய்வுக்காக இஷினோமாக்கி டாக்சி ஓட்டுநர்களிடம் போய், சுனாமிக்கு அப்புறம் வினோதமாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நூறு பேருக்கு மேல் கேட்டிருக்கிறார். பலர் கண்டுகொள்ளவில்லை, சிலர் கோபப்பட்டார்கள், ஏழு பேர் சொன்னார்கள். 2016இல் புத்தகமாக வந்த பிறகு உலகம் முழுக்க அது செய்தியாயிற்று.

ஒருவர் சொன்னது: கோடைத் தொடக்கம், ஸ்டேஷன் பக்கம். குளிர்காலக் கோட்டு போட்ட ஒரு பெண் ஏறி, மினாமிஹாமாவுக்குப் போகச் சொல்கிறாள். அலை துடைத்துப் போட்ட இடம் அது. "அங்கே இப்போது வெறும் பொட்டல்தான், பரவாயில்லையா?" என்று இவர் கேட்கிறார். "நான் செத்துவிட்டேனா?" என்று நடுங்கும் குரல் வருகிறது. திரும்பிப் பார்த்தால் சீட்டில் ஆள் இல்லை.

கோடையில் குளிர்காலக் கோட்டு. அலை வந்தது மார்ச்சில், அங்கே அன்றைக்குப் பனி பெய்தது. செத்தவர்களுக்குப் பருவம் மாறவில்லை. இந்த ஒரு விவரத்துக்காகவே, எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சாட்சியத்தைப் படிக்க வேண்டும்.

இன்னொருவர், நள்ளிரவில் தனியாக நின்ற ஒரு சின்னப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய், கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு அந்தப் பெண் மறைந்துவிட்டாள். பிடித்த கை உண்மையான கையாகத்தான் இருந்தது என்று அவருக்கு நினைப்பு.

எனக்கு இதில் பெரிதாகப்படுவது மீட்டர். ஆள் ஏறியதும் மீட்டரைப் போட்டிருக்கிறார்கள். போட்டால் அது சவாரி. இறங்கும்போது காசு கொடுக்க ஆள் இல்லை, ஓட்டுநர் கைக்காசைக் கட்டுகிறார். பிரமை என்று சொல்லலாம், கனவு என்று சொல்லலாம். அந்தத் தொகையை அவர் பையிலிருந்து எடுத்துக் கட்டினார் என்பதை என்ன சொல்வீர்கள்? பயந்தார்களா என்றால் பயப்படவில்லை. அப்படி ஒருவர் மறுபடி கை காட்டினால் ஏற்றிக்கொள்வேன் என்றே பேசியிருக்கிறார்கள்.

உயிர் தப்பியவர்கள் செத்தவர்களுக்காகக் கட்டிய கட்டணம் அது. அவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். ஊரில் இத்தனை பேர் போய், தான் மட்டும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு அதே தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு, செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. வீட்டில் கொண்டுபோய் விடலாம்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

சித்தி பேயைப் பார்த்தாரா என்று கேட்டவருக்கு: பார்க்கவில்லை, காதால் கேட்டார். விடிகாலையில் வாசலில் அன்னக்கூடையை இறக்கி வைக்கும் சத்தம். பழைய இடத்தில் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தவரை அது இருந்தது. அப்புறம் கடலைவிட்டுத் தள்ளி, சுனாமிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். கான்கிரீட் வீடு, நம்பர் போட்ட கதவு, ஒரே மாதிரி வரிசை. போன பிறகு சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் நல்லதாயிற்று என்றோம். சித்திக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

"இங்க வர அவளுக்கு வழி தெரியாதேடா" என்றார். ஒருநாள் பஸ் பிடித்துப் பழைய இடத்துக்குப் போய், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது வரிசை என்று சொல்லிவிட்டு வந்தார். நான்தான் கூடப் போனேன். எனக்கு அப்போது பயம் என்றால் சொல்ல முடியாத பயம். பேய் வரும் என்று இல்லை, வராமல் போய்விட்டால் சித்தி என்ன ஆவார் என்று.

மார்ச் 6

ஒக்காவா பள்ளிக்கூடத்தை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். "அங்கே உண்மையிலேயே தப்பு நடந்ததே, உங்கள் வாதம் அங்கே செல்லுமா?" நியாயமான கேள்வி.

தெரியாதவர்களுக்கு: இஷினோமாக்கியில் கிட்டகாமி ஆற்றோரம் இருந்த தொடக்கப்பள்ளி. 2011இல் அங்கே படித்த 108 பிள்ளைகளில் 74 பேர் போனார்கள். ஆசிரியர்களில் பத்துப் பேர் இறந்தார்கள். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவில் ஏறக்குறைய 50 நிமிஷம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகளை மைதானத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பெற்றோரில் ஒரு பகுதியினர் வழக்குப் போட்டார்கள். 2018இல் மேல்நீதிமன்றம், முன்தயாரிப்பே போதவில்லை என்று பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆக, தப்பு யாருடையது என்பதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெற்றோர்கள் நிம்மதியாகத் தூங்கினார்களா? அலைக்கு முன்னால் சிலர் பள்ளிக்கு வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்தப் பிள்ளைகள் பிழைத்தன. மற்றவர்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில்தானே இருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். நம்பியது ஒரு குற்றமா? எந்தக் கோர்ட்டும் அந்த வழக்கை எடுக்காது, அவர்களே ராத்திரி ராத்திரியாக நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அதில் ஒரு தாய், மகளின் உடல் கிடைக்காததால், மண் தோண்டும் இயந்திரம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கி, தானே சேற்றைத் தோண்டித் தேடினார். அவரும் ஒரு ஆசிரியை.

வாசகரின் கதைக்குத் திரும்பினால், குற்றவாளி வேறு ஒருவன் என்று வைத்தாலும் வேலைக்கு ஆகாது. எதிரே வந்த லாரிக்காரன் தூங்கிவிட்டான் என்று நிரூபணம் ஆகட்டும், தண்டனையும் கிடைக்கட்டும். நம் ஆள் இன்னும் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

மார்ச் 7

அந்தக் கரைக்காரர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை அசத்துகிறது. 'ட்சுனாமி தெண்டென்கோ' என்று ஒரு வழக்கம். அலை வந்தால் அப்பா அம்மா பிள்ளை என்று யாருக்காகவும் நிற்காதே, அவரவர் தனித்தனியே மேட்டுக்கு ஓடு. 1896இல் ஒருவரையொருவர் காப்பாற்றப் போய்க் குடும்பம் குடும்பமாகச் செத்ததிலிருந்து வந்த பாடம். 1990இல் தாரோ என்ற ஊரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு இந்தச் சொல் பரவலாயிற்று. யமஷிதா ஃபுமியோ என்ற சுனாமி வரலாற்றாசிரியர், 1933 அலையின்போது தன் அப்பா பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் ஓடியதை அங்கே சொன்னார்.

கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு ஒப்பந்தம். "நீயும் ஓடுவாய், நானும் ஓடுவேன், யார் மிஞ்சினாலும் மற்றவரிடம் கடன் இல்லை" என்று குடும்பமே சோற்றுக்கு உட்காரும்போது பேசி வைத்துக்கொள்வது. பிள்ளை தானே ஓடியிருக்கும் என்று நம்பினால்தான் தாய் பள்ளியை நோக்கி ஓடாமல் மேட்டை நோக்கி ஓட முடியும். காமாயிஷி என்ற ஊரில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். 2011இல் அங்கே ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகள் தப்பினார்கள்.

ஆனால் நடக்க முடியாத பாட்டி? தொட்டில் பிள்ளை? அவர்களோடு யார் ஒப்பந்தம் போடுவது? இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. யாராவது இதை வைத்து ஒரு கதை எழுதுங்கள். எல்லோரும் பேசிவைத்தபடி சரியாக ஓடிய குடும்பம், எல்லோரும் மேட்டில், வீட்டில் விட்டு வந்த ஒரே ஆள் மட்டும் இல்லை. ஒருவர் மேலும் ஒருவருக்குக் குறை இல்லை. அந்த வீட்டில் அதன்பின் எப்படி விளக்கேற்றுவார்கள்?

மார்ச் 7, இரவு

தமிழ்நாட்டில் 2005இல் அரசு ஒரு காரியம் செய்தது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்கு, மறுபடி கருத்தரிக்க உதவும் அறுவை சிகிச்சைக்கு அரசு செலவு செய்தது. அப்படிப் பிறந்த ஒரு பையனைக் குடியிருப்பில் எனக்குத் தெரியும். போன அண்ணனின் பேரைத்தான் வைத்திருந்தார்கள். பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டு முதல் துண்டை அண்ணன் படத்துக்கு ஊட்டுவான். படத்தின் கீழே அவன் பேர்தான் எழுதியிருக்கும், அதன் பக்கத்தில் செத்த தேதி.

1964இலேயே ஆல்பர்ட் கெய்ன், பார்பரா கெய்ன் என்ற இருவர், போன பிள்ளையின் இடத்துக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பதற்கான கடனைப் பிறக்கும்போதே வாங்கிக்கொண்டு வரும் பிள்ளை. அந்தப் பையனுக்கு அண்ணனைக் கண்டால் பயமா என்று ஒருமுறை கேட்டேன். "அவன் என்னவிடச் சின்னவன்ணே, நான் எதுக்குப் பயப்படணும்" என்றான். சரிதான், அண்ணனுக்கு வயசு ஆறோடு நின்றுவிட்டது.

மார்ச் 9

திருத்திய கதை வந்திருக்கிறது, படித்தேன். பாட்டில் போய்விட்டது, ஜன்னலோர சீட்டு வந்துவிட்டது. நல்லது. ஆனால் நான்கு பேய்களையும் இன்னும் வரிசையாக நிறுத்தியிருக்கிறீர்கள், கண்ணாடியில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று என்று. அதெல்லாம் வேண்டியதில்லை.

கதையின் நடுவில் மூன்று வரியில் கடந்து போயிருக்கிறீர்களே, இறந்த நண்பனின் அம்மா இவனைச் சாப்பிடக் கூப்பிடும் இடம், உங்கள் திகில் அங்கேதான் இருக்கிறது. அதை இழுத்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். இவனால் மறுக்க முடியாது. மகன் உட்காரும் இடத்தில் இலை போடுகிறார். மகனுக்குப் பிடித்த குழம்பு, இவனுக்குப் பிடிக்காது, சாப்பிடுகிறான். முதல் வாரம் "தம்பி" என்று கூப்பிட்டவர் மூன்றாவது வாரம் மகனின் செல்லப்பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்பா தலையை நிமிர்த்தாமல் சாப்பிடுகிறார். போகும்போது மகனின் சட்டையை மடித்துக் கையில் கொடுக்கிறார், "ஒனக்கு அளவா இருக்கும்பா" என்று. அளவாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மாவைக் கெட்டவராக்கிவிடாதீர்கள், பைத்தியமாக்கவும் வேண்டாம். மனசார அன்பாக இருக்கட்டும். ஏன் உயிரோடு இருக்கிறாய் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கக் கூடாது.

பேய் மன்னித்துவிட்டுப் போகும் கடைசிப் பத்தியை வெட்டிவிடுங்கள். யாருக்கும் மன்னிக்க ஒன்றும் இல்லை என்பதுதானே இங்கே பேசிக்கொண்டிருப்பது.

மார்ச் 10

இன்று காலை ஒருவர் எழுதியிருப்பதை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பஸ் விபத்தில் தங்கையை இழந்தவர், தான் பிழைத்தவர். "எங்க வலி உங்களுக்குப் பயங்காட்டுற சரக்கா?" என்று கேட்கிறார். இதற்கு யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருக்கிறார்கள். சிலர் பார்த்தும் கேட்டும் பேசியும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. மனநோயாளிகள் இல்லை, வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருந்த மனுஷர்கள்.

சித்தியும் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னால் கோடாங்கியைக் கூப்பிடுவார், ஆலோசகரிடம் சொன்னால் மாத்திரை எழுதச் சொல்வார் என்று பயம். என்னிடம் ஏன் சொன்னார்? நான் அந்த வயசில் பேய்க்கதைப் பைத்தியம். முகாமில் ராத்திரி கரண்ட் போனால் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வேன். ஒருநாள் சித்தியும் வந்து உட்கார்ந்து, "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார். யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரி, அன்னக்கூடைச் சத்தத்தைச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். "அப்புறம் அவங்க கதவத் தொறந்தாங்களா?" என்று ஒரு குட்டிப்பெண் கேட்டது. "தொறக்கல. தொறந்தா ஆருமில்லன்னு தெரிஞ்சிபோவும்ல" என்றார். முகாமில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான்.

அதனால்தான் இந்த வகைக் கதையின் பக்கம் நிற்கிறேன். வேறு எங்கே சொன்னாலும் நிறுத்தச் சொல்வார்கள், இல்லை குணப்படுத்தப் பார்ப்பார்கள். பேய்க்கதை என்று சொன்னால் "அப்புறம்?" என்பார்கள்.

ஆனால் உங்கள் கோபமும் எனக்குப் புரிகிறது. செத்தவர்களைக் கோரமாக்கி, பிழைத்தவர்களை ரகசியக் கொலைகாரர்களாக்கி எழுதுவதைப் படிக்கும்போது எனக்கும் அதே கோபம்தான் வருகிறது. இங்கே எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, பிழைத்தவர் ஒருவர் இதைப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கை போய் மூன்று வருஷம் ஆகிறது என்றும். துக்கம் ஒரு வருஷம் தாண்டியும் அன்றாடத்தையே நடத்தவிடாமல் இறுக்கினால் அதற்குத் தனியாக உதவி வேண்டும் என்று இப்போது மருத்துவமே ஒத்துக்கொள்கிறது, 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். "உன் தப்பு இல்லை" என்று அவர்களும் சொல்லக்கூடும், கோபம் வந்தால் சித்தி மாதிரி திருப்பிக் கேளுங்கள். தங்கையைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், கதையாகவோ நடந்தபடியோ. வேண்டாம் என்றால் இந்த இழையை இனிமேல் திறக்காதீர்கள்.